மூழ்கிப்போன மோதிரமும் வாங்காத வைரமும்

ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு நகைக்கடை. நானும் என் இணையரும் கண்ணாடி மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மேலே நான்கைந்து விளக்குகள். என் விரலில் ஒற்றைக் கல் வைர மோதிரம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது அழகாக இருந்தது. என் கறுத்த விரலில் அந்தச் சிறிய கல் அப்படி மின்னும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

"நிச்சயதார்த்தத்துக்கா சார்?" என்று கேட்டார் விற்பனையாளர். இளைஞர். எங்களைவிட வயதில் சிறியவர்.

"இல்லைங்க. கல்யாணம் ஆகி ஏழு வருஷமாச்சு. அப்பப் போட்ட மோதிரம் போயிருச்சு. அதுக்குப் பதிலா ஒண்ணு" என்றார் இணையர்.

அவர் பார்வை என் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. "அப்ப தாலியும் சேத்தே பாத்துரலாமே சார். உங்க பக்கம் என்ன மாடல்? நீங்க என்ன ஆளுங்க?"

அந்தக் கடையில் அது குதர்க்கமான கேள்வி இல்லை. நம் ஊர்களில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தாலி வடிவம் இருக்கிறது. நகைக்கடையில் தாலித் தட்டுகள் சாதிவாரியாகத்தான் அடுக்கப்பட்டிருக்கும். காலணிக் கடையில் அளவு கேட்பதுபோல அவர் சாதியைக் கேட்டார்.

என் இணையர் தன் சாதிப் பெயரைச் சொன்னார். ஒரே ஒரு சொல். ஏழு ஆண்டுகளாக எந்தப் படிவத்திலும் எந்த மேடையிலும் அவர் சொல்லாத சொல்.

விற்பனையாளர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம ஆளுங்கதானா!" என்றவர் உள்ளே திரும்பி, "ரெண்டு டீ சொல்லுப்பா" என்றார்.

நான் மோதிரத்தைக் கழற்றி வெல்வெட் தட்டில் வைத்தேன். "இன்னொரு நாள் வர்றோம்" என்று எழுந்துவிட்டேன். டீ வருவதற்குள் வெளியே வந்துவிட்டோம்.

திருமயம் வரை இருபது கிலோமீட்டர். வண்டியில் இருவரும் பேசவில்லை. கோட்டைக் கருகில் வரும்போதுதான் அவர் சொன்னார்: "அந்தக் கேள்விய முடிக்கணும்னுதான்பா சொன்னேன். வேற ஒண்ணும் நெனைக்கல."

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் சிக்கலே. அவர் சாதிப் பெயரைச் சொன்னால் கேள்வி முடிந்துவிடும், டீ வரும். என் சாதிப் பெயரைச் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி முடிந்திருக்காது. இன்னொன்று தொடங்கியிருக்கும். "அப்ப சார்?" என்று. அந்த இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் கிடைக்கும் என்பதை இந்த மண்ணில் சாதி மறுத்து மணம் புரிந்த எவரும் மறக்க முடியாது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் துணி வாங்கிக்கொண்டு திரும்பிய ஓர் இளம் இணையரைப் பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்கு அருகில், அத்தனை பேர் பார்க்க வெட்டினார்கள். நம்மைப் போன்றவர்களுக்குக் கடைத்தெரு என்பது கடைத்தெரு மட்டும் அல்ல.

ஒரு மோதிரம் வாங்கப் போன கதையை இவ்வளவு பெரிதாக எழுத வேண்டுமா என்று தோழர்கள் கேட்கலாம். அந்த மோதிரம் எங்களுக்கு என்னவாக இருந்தது என்று சொன்னால்தான் விளங்கும்.

சட்டத்தில் இருக்கும் மோதிரம்

2018-ல் புதுக்கோட்டையில் ஒரு சிறிய அரங்கில் எங்கள் இணையேற்பு நடந்தது. அவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவர் நண்பர்கள் இருவர், என் வீட்டார், தோழர்கள் முப்பது பேர். நிச்சயதார்த்தமும் திருமணமும் பத்து நிமிடத்தில் ஒன்றாக முடிந்தன. ஆளுக்கு இரண்டு கிராமில் ஒரு மோதிரம். சவரன் 24 ஆயிரத்தை ஒட்டி இருந்த காலம் அது. என் ஆய்வு உதவித்தொகையின் முதல் தவணையும், அவர் பயிற்சி மையத்தில் வாங்கிய சம்பளமும் சேர்ந்து வாங்கியது. தாலி இல்லை, அய்யர் இல்லை. உறுதிமொழி படித்தோம், மோதிரம் மாற்றிக்கொண்டோம்.

அந்த மோதிரம் வெறும் அலங்காரம் இல்லை. 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாடு சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் அறிவிக்கலாம். அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், ஒருவர் விரலில் மற்றவர் மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று போதும், புரோகிதர் தேவையில்லை என்கிறது அந்தப் பிரிவு. நம் மாநிலத்தில் மோதிரத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது இப்படித்தான்.

அதற்கு முன் என்ன நிலைமை? 1953-ல் தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில், 1934-ல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சடங்கு இல்லை, எனவே திருமணம் இல்லை. 1928-ல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் தொடங்கி, புரோகிதரை மறுத்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே தீர்ப்பில் மனைவி என்ற உரிமையை இழந்து நின்றார்கள். 1967 திருத்தம் அந்தப் பழைய திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில் இன்னொரு படி போனது. சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரைக் கூட்டிப் பொது அறிவிப்புச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, வீட்டாருக்கு அஞ்சி வருகிறவர்களிடம் அதைக் கேட்பது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றது.

ஆகவே, அந்த இரண்டு கிராம் தங்கம் எங்களுக்குச் சாட்சி. அவர் வீட்டார் வராத இடத்தில் வந்து நின்ற சாட்சி.

மூழ்கியது

2021, இரண்டாம் அலை. பயிற்சி மையத்தை மூடிவிட்டார்கள். என் உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல். இரண்டு மோதிரங்களையும் கொண்டுபோய் அடகு வைத்தோம். வட்டி கட்ட முடியவில்லை. கெடு முடிந்து, கடிதம் வந்து, ஏலத்துக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் இதை 'நகை மூழ்கிப்போச்சு' என்பார்கள். மூழ்காத நகை உள்ள வீடு எங்கள் தெருவில் ஒன்றும் இல்லை. நான் எம்.ஏ. சேர்ந்தபோது அம்மாவின் கம்மல் மூழ்கியது. அண்ணன் ஐ.டி.ஐ. சேர்ந்தபோது கொலுசு.

அன்று இரவு நான் அழுதேன். ஆனால் மறுநாள் ஒன்றைக் கவனித்தேன். யாரும் 'அபசகுனம்' என்று சொல்லவில்லை. தாலி தொலைந்துபோனால் ஒரு பெண் படும் பாடு நமக்குத் தெரியும். மஞ்சள் கயிறு, கோயில், பரிகாரம், மாமியார் முகம், புருஷன் ஆயுசு. எங்கள் மோதிரம் போனதில் போனது நான்கு கிராம் தங்கம் மட்டுமே. அவர் ஆயுளுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருமணம் செல்லாமல் போகவில்லை. சுயமரியாதைத் திருமணம் எனக்குத் தந்த விடுதலை என்ன என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்வேன்: நகையை அடகு வைக்கும்போது கணவனின் உயிரை அடகு வைப்பதாகப் பயப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் மறுபடி எதற்கு மோதிரம்?

இந்த ஆண்டு அவருக்குப் பள்ளியில் நிரந்தர வேலை கிடைத்தது. எனக்கும் நிலுவைத் தொகை மொத்தமாக வந்தது. "இந்தத் தடவை வைரம் வாங்குவோம். உனக்கு" என்றார். எனக்கும் ஆசைதான். மறைக்கவில்லை.

ஒரு தோழரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் சிரித்தார். "வைரமா தோழர்? நகை பத்திப் பெரியார் சொன்னதெல்லாம் மறந்து போச்சா?" அவர் விரலில் ஒன்றரைச் சவரன் மோதிரம் உண்டு. மாமனார் போட்டது.

கூடாது என்றவர்களும் போடு என்றவரும்

பெண்ணை நகை மாட்டும் பொம்மையாக்கி, சொத்துரிமைக்குப் பதில் நகையைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்பது பெரியாரின் விமர்சனம். அது சரியான விமர்சனம். ஆனால், அதை எல்லாருடைய கழுத்துக்கும் ஒரே அளவில் வைத்துப் பார்க்க முடியாது.

நான் ஆய்வு செய்வது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளின் சமூக வரலாறு. திருமயம் அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானம். தெற்கே கொஞ்ச தூரம் போனால் இராமநாதபுரம் மாவட்டம் தொடங்கிவிடும். 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் நூலில் அவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார். சட்டை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. அந்தப் பட்டியலில் முதலில் இருப்பது எது தெரியுமா? தங்கமும் வெள்ளியும் அணியக்கூடாது என்பது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளையடிக்கப்பட்டன.

என் அப்பத்தாவின் வளர்த்த காதில் ஓலைச் சுருள்தான் இருந்தது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அதை அழகு என்றே நினைத்தேன். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து இந்தப் பட்டியலைப் படித்த நாளில்தான் அந்த ஓலைக்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று உறைத்தது.

இந்தப் பின்னணியில் அம்பேத்கரின் ஒரு பேச்சு எனக்கு முக்கியம். 1927 டிசம்பரில், மகத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் அவர் தனியாகப் பேசினார். தீண்டப்படாதவர் என்று பார்த்தவுடன் அடையாளம் காட்டும் கனத்த மலிவு உலோக நகைகளைக் கழற்றி எறியச் சொன்னார். சேலையை மற்றவர்களைப் போலவே கட்டச் சொன்னார். நகை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் தங்கத்தில் போடுங்கள் என்றார்.

ஒருவர் கழற்று என்கிறார், ஒருவர் போடு என்கிறார். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நகையைக் கொண்டு அடிமையாக்கப்பட்டவளிடம் கழற்று என்பது விடுதலை. நகையை மறுத்து அடிமையாக்கப்பட்டவளிடம் போடு என்பது விடுதலை. போடவே விடாதவர்களின் பேத்தியிடம் வந்து எளிமையைப் போதிக்கும்போது, தோழர்கள் தங்கள் விரலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லுக்கும் சாதி

ஆக, நகை வேண்டாம் என்ற காரணத்துக்காக நான் வைரத்தை மறுக்கவில்லை. கடையிலிருந்து வந்த பிறகு வைரத்தைப் பற்றியே படிக்க ஆரம்பித்தேன். ஆய்வு மாணவிக்கு வேறென்ன தெரியும்?

ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் வைரத்தைச் சோதிக்க ஓர் அத்தியாயம் உண்டு. வெள்ளைக் கல் பார்ப்பனருக்கு. சிவப்பும் மஞ்சளும் சத்திரியருக்கு. வாகைப்பூ நிறம் வைசியருக்கு. வாளைப் போலக் கறுத்தது சூத்திரருக்கு. நம் சிலப்பதிகாரத்திலும் ஊர்காண் காதையில் மதுரைக் கடைவீதி வைரங்கள் நான்கு வருணத்து ஒளியோடு வருகின்றன. நிலத்துக்கு அடியில் நூற்றைம்பது கிலோமீட்டர் ஆழத்தில், நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னால், மனிதனே இல்லாத காலத்தில் உருவான கரித்துண்டுக்குக்கூட இங்கே வருணம் வைத்துவிட்டார்கள். நான்கு நிறத்தோடு பட்டியல் முடிகிறது. ஐந்தாவது கல் இல்லை. நமக்கு ஒதுக்க அவர்களிடம் ஒரு கல்கூட இல்லை.

இது பழங்கதை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அதே கடையில், டீ சொல்வதற்கு முன்பு, அந்த இளைஞர் எனக்கு இரண்டு கற்களைக் காட்டினார். ஒன்று சுரங்கத்தில் எடுத்தது. இன்னொன்று ஆய்வகத்தில் வளர்த்தது. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

"பாத்தா வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரியாதுங்க மேடம். மெஷின்ல வச்சாத்தான் தெரியும். ஆனா இது பொறப்புலயே வைரம். அது அப்படி இல்ல."

பிறப்பிலேயே! இரண்டும் ஒரே கரிமம், ஒரே கடினம், ஒரே ஒளி. 1954-லேயே அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் வைரத்தைச் செய்துவிட்டார்கள். இன்று பெரும் அழுத்தத்தில் வைத்தோ, கரிம வாயுவிலிருந்து படலம் படலமாகப் படியவைத்தோ சில வாரங்களில் வளர்க்கிறார்கள். வெப்பம் கடத்துவதை அளக்கும் சாதாரணச் சோதனைக் கருவிக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. தனிக் கருவி வேண்டும். தோற்றத்தில், குணத்தில், பயனில் ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்ட பிறகும், எங்கே பிறந்தது என்று கேட்டுத் தாழ்த்தும் அறிவு நமக்குப் புதியதா என்ன? சுரங்கக் கல்லுக்கு மறுவிற்பனை மதிப்பு கூடுதல் என்பது உண்மை. ஆனால் அந்த மதிப்பு கல்லுக்குள் இல்லை. பிறப்பைப் பார்க்கும் கண்ணில் இருக்கிறது.

சரி, அந்த 'உயர்பிறப்பு' எங்கே நடந்தது? செட்டிநாட்டு எல்லையில் வளர்ந்தவர்களுக்கு 'ப்ளூ ஜாகர்' என்ற சொல் தெரிந்திருக்கும். பெரிய வீட்டு ஆச்சிகளின் தோட்டையும் மூக்குத்தியையும் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் அந்தச் சொல்லை ஒரு மரியாதையோடு சொல்வார்கள். என் இணையரின் அம்மா காதில் கிடக்கும் ஏழு கல் தோடும் ப்ளூ ஜாகர் என்றுதான் அவர்கள் வீட்டில் பெருமை. அந்த ஜாகர், தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் என்ற சுரங்க ஊர். நீலச் சாயல் கொண்ட கற்களுக்குப் பெயர் பெற்றது. 1893-ல் எக்செல்சியர் என்ற 995 காரட் கல் அங்கேதான் கிடைத்தது. கல்லை எடுத்தவர் ஓர் ஆப்பிரிக்கத் தொழிலாளி. கல்லுக்குப் பெயர் இருக்கிறது. அவர் பெயர் நான் படித்த எதிலும் இல்லை.

பக்கத்திலிருந்த கிம்பர்லி சுரங்கங்களில் 1880-களில் கறுப்புத் தொழிலாளிகளை ஒப்பந்தக் காலம் முழுக்க வெளியே விடாமல் வேலியிட்ட முகாம்களில் அடைத்து வைத்தார்கள். நிர்வாணமாக்கிச் சோதித்தார்கள். தோண்டலாம், தொடலாம், வைத்துக்கொள்ளக் கூடாது. இந்த விதி நமக்குப் பழக்கமானது. நெல் அறுக்கலாம், குதிருக்குள் கை விடக்கூடாது. பறை அடிக்கலாம், பந்தியில் உட்காரக்கூடாது. 2022 செப்டம்பர் 11 அன்று அதே ஜாகர்ஸ்ஃபோன்டெய்னில் சுரங்கக் கழிவு தேக்கிய அணை உடைந்து சேறு ஊருக்குள் புகுந்தது. வீடுகள் புதைந்தன, உயிர் போனது. வைரத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் போய்விட்டார்கள். சேறு அந்த ஊர்க்காரர்களுக்கு மிச்சம்.

வைர நிச்சயதார்த்த மோதிரம் காதலின் பழைய மரபு என்பதும் பெரிய அளவில் விளம்பரம் செய்து வைத்த வேலை. டி பியர்ஸ் நிறுவனத்துக்காக 1947-ல் ஒரு விளம்பர முகமையில் பிரான்சஸ் ஜெரட்டி என்ற பெண் எழுதிய, வைரம் என்றென்றைக்குமானது என்ற வாசகம்தான் உலகம் சுற்றி இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. நம் ஊரில் நிச்சயம் என்றால் வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றுவதுதான். பரிசம் போடுவதுதான். மோதிரமே பின்னால் வந்தது. அதில் வைரம் அதற்கும் பின்னால்.

யாருக்காக அந்த வைரம்?

இவ்வளவும் படித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. ஒரு வாரம் கழித்து இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். "ஏன் வைரம்னு தோணுச்சு உங்களுக்கு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். "எங்கம்மா காதுல கெடக்குறது உன் கையிலயும் கெடக்கணும்னு தோணுச்சு. என்னைக்காச்சும் எங்க வீட்டுக்குப் போனா, உன்னைய ஒருத்தரும் கொறைச்சுப் பாக்கக்கூடாது."

அன்புதான். சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வைரம் எனக்கு இல்லை. எங்கள் இணையேற்புக்கு வராதவர்களுக்கு. அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக நான் அணிய வேண்டியது. அவர்கள் என்னைக் குறைத்துப் பார்ப்பது என் விரலில் கல் இல்லாததாலா? ஏழு கல் அல்ல, எழுபது கல் போட்டுக்கொண்டு போனாலும், முதலில் அவர்கள் கேட்கப்போவது அந்தக் கடைக்காரர் கேட்டதைத்தான். அன்று கடையில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்ததும், வைரம் வாங்கத் தோன்றியதும் ஒரே இடத்திலிருந்துதான் என்று நான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தட்டிலேயே கை காய்ந்துபோகும் வரை உட்கார்ந்திருந்தார்.

சாதி மறுப்புத் திருமணம் செய்த ஆண் தோழர்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் சாதியை மறுத்தது ஒரு நாளில் முடிந்த வேலை இல்லை. உங்கள் சாதி உங்களை மறுக்கவில்லை. கடையில், பேருந்தில், வாடகை வீடு தேடும்போது, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையில், அது உங்கள் நாக்கு நுனியில் காத்திருக்கும். ஒரு சொல் போதும், கதவு திறக்கும். அந்தச் சொல்லைச் சொல்லாமல் வெளியே நிற்கிறீர்களா என்பதுதான் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு வைக்கப்படும் தேர்வு. உங்கள் இணையருக்கு அந்தத் தேர்வே கிடையாது.

அம்மாவின் பெட்டி

விஷயம் அம்மாவுக்குத் தெரிந்ததும், டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தார். உள்ளே எட்டுக் கிராம் தங்க நாணயம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான கலப்புத் திருமண நிதியுதவித் திட்டத்தில் 2019-ல் எங்களுக்குக் கிடைத்தது அது. பட்டதாரிகளுக்கு 50 ஆயிரம் ரூபாயோடு சேர்த்துக் கொடுப்பது. அம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தோம். 2021-ல் கேட்டபோது, "கூரை மாத்த வித்துட்டேன்" என்று சொல்லியிருந்தார்.

"வித்துட்டேன்னு சொன்னீங்களேம்மா?"

"அன்னைக்குக் குடுத்திருந்தா அதையும் சேத்து மூழ்கடிச்சிருப்பீக. கடைக்காரன்கிட்டப் போயி எதுக்கு நிக்கிறீக? இதை உருக்கி ஆளுக்கொரு மோதிரம் பண்ணிக்கங்க. தம்பிக்கும் சேத்து."

அந்த நாணயத்தை அரசு எதற்குக் கொடுக்கிறது தெரியுமா? திருமாங்கல்யம் செய்ய. சாதியை மறுத்தவர்களுக்கு அரசு தரும் பரிசு, சாதிக்கொரு வடிவம் வைத்திருக்கும் தாலிக்கான தங்கம். திட்டத்துக்குப் பெயர் தந்தவர் இந்தப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்து, மருத்துவராகி, சட்டமன்றத்தில் நுழைந்து, பொட்டுக்கட்டும் முறையை ஒழிக்கப் போராடியவர். அவரை எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் எங்கள் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி. கழுத்தில் பொட்டுக் கட்டுவதை ஒழிக்கப் போராடியவர் பெயரால், கழுத்தில் தாலி கட்டத் தங்கம் தருவது என்ன நியாயம்? திட்டம் வேண்டும், தங்கமும் வேண்டும். 1967 சட்டம் மாலைக்கும் மோதிரத்துக்கும் உறுதிமொழிக்கும் சம மதிப்புத் தந்த பிறகு, அரசாணையில் திருமாங்கல்யம் என்ற சொல் எதற்கு? 'கலப்பு' என்ற சொல்லும் எதற்கு? கலப்படம் செய்தது போலிருக்கிறது. சாதி மறுப்பு என்று நேராகவே சொல்லலாம். சாதி ஆணவப் படுகொலைகளுக்கு எதிரான தனிச்சட்டத்தைக் கேட்கும் இந்த நேரத்தில் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

திருமயத்தில் ஒரு பத்தரிடம் நாணயத்தைக் கொடுத்தோம். சவரன் 90 ஆயிரத்தைத் தாண்டிய நாட்கள். அவர் எங்களிடம் என்ன ஆளுங்க என்று கேட்கவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஊரில் எல்லாருக்கும் தெரியும். சேதாரம் போக ஆளுக்கு நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இரண்டு வளையங்கள். கல் கிடையாது. உள்பக்கம் இணையேற்பு நாள் மட்டும்.

வைரம் வேண்டும் என்று ஆசைப்படும் தோழிகளிடம் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆசை இருந்தால் வாங்குங்கள். ஆய்வகத்தில் வளர்ந்த கல்லை 'பொறப்பு சரியில்லை' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அதையே வாங்குங்கள். வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை யார் பார்ப்பதற்காகப் போடுகிறேன்? பதில் 'நான்' என்றால் நல்லது.

மோதிரம் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வரும்போது இணையரிடம் கேட்டேன். "அடுத்த தடவை எவனாச்சும் என்ன ஆளுங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"சாதி மறுப்புக் கல்யாணம், எனக்குச் சாதி இல்லைன்னு சொல்வேன்."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு, டீ வருதான்னு பாப்பேன்" என்றார்.